மாடே, பின்னங்கால்கிட்ட சொல்லு

நான் ஒம்பதாவது படிக்கிறப்போ, பொங்கல் லீவு விடுறதுக்கு மொத நாள் மத்தியானம், திருவிடைமருதூர்லேர்ந்து உள்ள போற ரோட்டுல இருக்குற எங்க ஸ்கூல் கிரவுண்டுல நடந்தது இது. அன்னிக்கு நான் ஒரு மாட்டோட முன்னங்கால். ஆமா, கரெக்டா தான் படிச்சீங்க.

எங்க ஸ்கூல்ல ஒண்ணாப்புலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரே காம்பவுண்ட். அந்த வருஷம் காலாண்டு லீவு முடிஞ்சு போனா, தஞ்சாவூர்லேர்ந்து ஒரு அக்கா ஸ்கூட்டில வந்து எறங்குனாங்க. நாடகம் படிச்சவங்களாம். அப்பதான் படிச்சு முடிச்சிருந்தாங்க, பாத்தா எங்க பிளஸ் டூ அக்காங்க மாதிரி தான் இருந்தாங்க. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் எங்களுக்கு நாடகம் சொல்லித் தர்றதா ஏற்பாடு. நாங்க என்னவோ ராஜா வேஷம், அட்டக் கத்தி, பக்கம் பக்கமா டயலாக்னு நெனச்சு போனோம். செம பல்பு. மொத நாளே எல்லாரையும் தரையில படுக்க வெச்சு, "இப்ப நீங்க எல்லாரும் நாத்து. மெதுவா மொளைங்க"ன்னாங்க. பிளஸ் டூ அண்ணன் ஒருத்தன், "அக்கா, எனக்கு ரெக்கார்டு நோட்டு எழுதணும்"னான். "மொளைச்சிட்டு போய் எழுது"ன்னாங்க.

அக்காகிட்ட ஸ்க்ரிப்டே கெடையாது. ஆறு வயசும் பதினேழு வயசும் ஒண்ணா நிக்கணும், ஒரே வெளையாட்டு வெளையாடணும். ஒரே ஒரு ரூல் தான் வெச்சிருந்தாங்க. மேடையில என்ன சொதப்பினாலும் நாடகம் நிக்கக் கூடாது. சொதப்புனதயும் நாடகத்துல சேத்துக்கணும். இத எங்ககிட்ட சொல்லிச் சொல்லி, கடைசில ரெண்டாப்பு வாண்டு ஒண்ணு சத்துணவு தட்ட கீழ போட்டுட்டு "நாடகத்துல சேத்துக்கிட்டேன்"னு ஆயாகிட்ட சொல்லி ஒத வாங்குச்சு.

பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம்னு முடிவாச்சு. கதை ரொம்ப சிம்பிள். ஒரு மாடு வயல் வயலா போய் "இது யாரு நெலம்"னு கேக்கும். கொக்கு என்னோடதுங்கும், நண்டு என்னோடதுங்கும், வாய்க்கால் நான் இல்லன்னா ஏது நெலம்னு சண்டைக்கு வரும். மாட்டுக்கு ரெண்டு பேர் வேணும், முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி. அக்கா உயரம் பாத்து முன்னாடி என்ன நிறுத்துனாங்க. பின்னாடி என் பெஞ்ச்மேட். அவள இந்தக் கதை முழுக்க பின்னங்கால்னே சொல்றேன். என் போன்லயும் அந்தப் பேர்ல தான் இருக்கா.

மாட்ட நாங்களே செஞ்சோம். ஒடம்புக்கு உரச் சாக்கு, தலைக்கு டிவி வந்த அட்டப் பெட்டி, கொம்புக்கு தென்னம்பாளை. வாலுக்கு நாடக அக்கா அவங்க அம்மாவோட பழைய சவுரிய எடுத்துட்டு வந்தாங்க. முன் பாதியும் பின் பாதியும் தனித்தனி. நடுவுல வரிசையா ஊக்கு குத்தி சேக்கணும். உள்ள பூந்துட்டா எனக்கு மாட்டு வாய் ஓட்டை வழியா கொஞ்சம் தெரியும். பின்னங்காலுக்கு அதுவும் தெரியாது. குனிஞ்சு, என் இடுப்புல துப்பட்டா முடிச்ச புடிச்சுக்கிட்டு, நான் போற பக்கம் வரணும். அவளோட ஒலகமே என் முதுகு தான்.

இது நல்லா போயிட்டிருந்தப்போ தான் ஊர்ல மஞ்சக் கல்லு வந்துச்சு.

கேஸ் குழாய் போவுதுன்னு நட்ட வயலுக்கு நடுவுல மஞ்ச பெயின்ட் அடிச்ச கல்ல வரிசையா ஊணிட்டு போனாங்க. ஊர்ல பாதி பேரு குழாயே வேணாம்னு ரோட்டுல ஒக்காந்தாங்க. எல்லா கலர் கொடியும் வந்துச்சு, எல்லா கரை வேட்டியும் வந்து மைக்ல பேசிட்டு போச்சு. எங்க அப்பா பாத்துட்டிருந்த வயல்லயும் கல்லு. அந்த வயல் எங்களுது இல்ல, குத்தகைக்கு பாக்குறோம். வயலுக்கு சொந்தக்காரரு யாருன்னா பின்னங்காலோட அப்பா. ஊர்ல அவர மிராசுன்னு தான் சொல்லுவாங்க. மிராசெல்லாம் அவங்க தாத்தா காலத்தோட போச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

மிராசு சரின்னு கையெழுத்து போட்டுட்டாரு. பொங்கல் முடிஞ்ச கையோட மெஷின எறக்குறதா பேச்சு. எங்க பிரச்சன என்னன்னா வயல்ல சம்பா நிக்குது, அப்பதான் பால் புடிச்சு கதிர் முத்திட்டிருக்கு. தை மாசம் கொஞ்ச நாள் போனா அறுத்துடலாம். அப்பாவுக்கு குழாய நிறுத்துற தெம்பெல்லாம் இல்ல. அவரு கேட்டது ஒண்ணு தான், அறுத்துக்கிறேன், அப்பறம் தோண்டுங்க. நெலத்துக்காரரு ஒரு வார்த்த சொன்னா மெஷின்காரங்க கேப்பாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு தான் எல்லாமே.

ஆனா தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தன்னு கூப்ட்டப்போ தாசில்தார் முன்னாடியே அப்பா வாய விட்டுட்டாரு. "வயல்ல கால் வெச்சு எத்தன வருசம் ஆச்சு உங்களுக்கு? பயிரு என்ன நெலமையில இருக்குன்னு தெரியுமா?"ன்னு கேட்டிருக்காரு. மிராசு பதிலுக்கு, "சிட்டா யாரு பேர்ல இருக்குன்னு பாத்துட்டு அப்பறம் பேசுய்யா"ன்னிருக்காரு. அவ்ளோதான், முடிஞ்சுது. வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மிராசு வீட்லேர்ந்து எங்க மாட்டுக்கு சாயம் போட்ட நெட்டித் தண்டுல கோத்த மாலையும் புதுக் கயிறும் வரும். அந்த வருஷம் அம்மா கடைல மாலை வாங்கிட்டு வந்து சத்தமில்லாம ஆணில மாட்டுனாங்க. அப்பா அதப் பாத்துட்டு சாப்டாம எந்திரிச்சு போயிட்டாரு.

ரெண்டு வீட்லயும் ஆர்டர் வந்துச்சு. அந்தப் புள்ளயோட பேசக் கூடாது, ஒக்காரக் கூடாது. எங்கம்மா நேரா வந்து டீச்சர்கிட்ட சொல்லி என்ன வேற பெஞ்சுக்கு மாத்திட்டாங்க. அடுத்து, "நாடகத்துல நீ என்னடி வேஷம்?"னு கேட்டாங்க. "தென்னமரம்"னேன். "கூட யாரு?" "தென்னமரத்துக்கு கூட யாரும்மா, தனியா தான் நிக்கும்." பின்னங்கால் அவ வீட்ல வாய்க்கால்னு சொல்லிட்டா.

அக்காகிட்ட வெவரத்த சொன்னோம். "வேற ஆள போடவா?"ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "வேணாம்க்கா"ன்னோம். அப்பறம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு மொகத்த திருப்பிக்கிட்டோம். ஏன்னா எங்களுக்குள்ளயும் சண்டை. அவங்கப்பாவ நான் ஒண்ணு சொல்ல, எங்கப்பாவ அவ ஒண்ணு சொல்லன்னு பெஞ்சு மாறுறதுக்கு முன்னாடியே முட்டிக்கிட்டோம். பேச்சு கெடையாது. ஆனா மாட்ட மட்டும் விட மனசில்ல. ரெண்டு பேருக்கும் அது கெத்து பிரச்சன.

ஆனா பேசாம மாட்ட எப்டி நடத்துறது? எனக்கு வழி தெரியும், அவளுக்கு தெரியாது. சண்டைக்கு அப்பறம் நடந்த மொத ரிகர்சல்ல நேரா போய் கொடிக்கம்பத்துல மோதுனோம். ரெண்டாவது மோதல்ல அவளுக்கு நெத்தி வீங்கிடுச்சு. சாக்குக்குள்ள இருந்து கொரல் மட்டும் வருது.

"மாடே, முன்னங்கால்கிட்ட சொல்லு, திரும்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டு திரும்ப சொல்லு."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டு நானும், "மாடே, பின்னங்கால்கிட்ட சொல்லு, மொதல்ல என் காலு மேல நிக்காம இருக்க சொல்லு"ன்னேன்.

அதுலேர்ந்து இதான் எங்க ரூட். சாமி சத்தியமா நாங்க பேசிக்கல, மாட்டுகிட்ட தான் பேசுனோம். "மாடே, பின்னங்கால்கிட்ட கேளு, மேத்ஸ் ஹோம்வொர்க் முடிச்சாச்சா." "மாடே, முன்னங்கால்கிட்ட சொல்லு, முடிச்சாச்சு, ஆனா தரமாட்டேன்." சாக்குல உர வாசன வேற, மூச்சு முட்டும். ஆனா அந்த சாக்குக்குள்ள இருந்த அளவுக்கு வேற எங்கயும் நான் சிரிச்சதில்ல. வெளிய வந்து ஊக்க கழட்டுனதும் அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு நாள் மட்டும் மெதுவா, "மாடே, முன்னங்கால்கிட்ட கேளு, கதிர் எப்ப முத்தும்"னா. எனக்கே தெரியாது.

விழா அன்னிக்கு கிரவுண்டே ரொம்பிடுச்சு. கொடி மேடை தான் ஸ்டேஜ். மிராசு தான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், அதனால முன் வரிசைல நடு சேர். எங்கப்பா வர மாட்டாருன்னு நெனச்சேன். தென்னமரத்த பாக்க வயல்லேர்ந்து நேரா வந்து, கூட்டத்துக்கு கடைசில சைக்கிள புடிச்சுக்கிட்டு நின்னாரு. ஹெச்.எம். அக்காகிட்ட வந்து, "அம்மா, அரசியல் எதுவும் இல்லயே?"ன்னு கேட்டாரு. அக்கா, "மாடு தான் சார்"னாங்க. நாடகம் முடிஞ்சதும் தலைவர் மேடைக்கு வந்து மாட்டுக்கு நெட்டி மாலை போடுவாருன்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருந்தாங்க. ஹெச்.எம். ஐடியா. அவருக்கு சத்தியமா மாட்டுக்குள்ள யாருன்னு தெரியாது.

ஆரம்பிச்சுது. ஒண்ணாப்பு ரெண்டாப்பு வாண்டுங்க எல்லாம் வைக்கோல கைல புடிச்சுக்கிட்டு நெல்லா ஆடுதுங்க. அதுல ஒரு குட்டி மட்டும் ஆட மாட்டேன்னு அடம் புடிச்சதால அக்கா அவளுக்கு மஞ்ச பெயின்ட் அடிச்ச அட்டப் பெட்டிய மாட்டி "நீ கல்லு, சும்மா ஒக்காந்திரு"ன்னுட்டாங்க. வயலுக்கு நடுவுல கல்லு ஜம்முன்னு ஒக்காந்திருந்துச்சு. அதப் பாத்ததுமே கூட்டத்துல ஒரு மாதிரி சலசலப்பு. ஹெச்.எம். கர்ச்சீப்ப எடுத்தாரு.

மாடு வந்துச்சு, கொக்கு வந்துச்சு, நண்டு வந்துச்சு. செமயா போயிட்டிருந்துச்சு. அப்பறம் மெஷின். கவர்மென்ட் குடுத்த சைக்கிள் ரெண்ட சேத்துக் கட்டி பிளஸ் டூ அண்ணனுங்க பொக்லைன் செஞ்சிருந்தாங்க, பெல்லு அடிச்சுக்கிட்டே வரும். மெஷின பாத்து மாடு மெரண்டு ஓடணும். அக்கா ஓரமா நின்னு டிரம்ம வேகமா அடிச்சாங்க.

நான் வலது பக்கம் திரும்புறதா தான் ப்ராக்டீஸ். திரும்புனா மாட்டு வாய் ஓட்டைல நேரா எங்கப்பா மொகம். அது மாட்டத் தான் பாக்குதுன்னு எனக்கு தெரியும், ஆனாலும் என்னயே பாக்குற மாதிரி இருந்துச்சு. சொல்லாம கொள்ளாம இடது பக்கம் திரும்பிட்டேன். அதே நேரம் பின்னாடி சாக்குல ஒரு கிழிசல் வழியா அவளுக்கு முன் வரிசைல அவங்கப்பாவோட கரை வேட்டி தெரிஞ்சிருக்கு. அவ அதுலேர்ந்து தப்பிக்க வலது பக்கம் இழுத்தா. ரெண்டு பேரும் அவங்கவங்க அப்பாவுக்கு பயந்து ஓடுனோம். ஊக்கெல்லாம் பட்டு பட்டுன்னு தெறிச்சுது. மாடு நடுவுல ரெண்டா பிஞ்சுடுச்சு.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. தலையோட நான் ஒரு ஓரம். வாலோட அவ இன்னொரு ஓரம், இன்னும் குனிஞ்சபடி, கைய நீட்டி என் துப்பட்டாவ தேடிக்கிட்டு. காத்துல எதுவும் மாட்டல. மெதுவா நிமுந்தா. சாக்கு வழுக்கி விழுந்து மொகம் தெரிஞ்சுது.

சிரிப்பு பாதில நின்னுச்சு. "அடி, மிராசு வீட்டுப் பொண்ணுடி"ன்னு ஒரு கொரல். "அப்ப முன்னாடி யாரு?"ன்னு இன்னொண்ணு. மிராசு சேர்ல அப்டியே முன்னாடி சாஞ்சாரு. நான் தலைய கழட்டல. கழட்டுனா செத்தேன். அக்காவ பாத்தேன். அவங்க டிரம்ம மட்டும் நிறுத்தாம மெதுவா அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நாடகம் நிக்கலன்னு அர்த்தம்.

பின்னங்கால் தான் மொதல்ல புடிச்சா. சவுரி வால கைல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, கிரவுண்டு முழுக்க கேக்குற மாதிரி, "மாடே, முன்னங்கால்கிட்ட சொல்லு, பின்னங்கால் இங்க தான் இருக்குன்னு"ன்னா.

நான் மட்டும் விடுவனா. "மாடே, பின்னங்கால்கிட்ட சொல்லு, முன்னங்காலுக்கு தனியா நடக்க வரலன்னு"ன்னேன்.

கூட்டத்துல சிரிப்பு மறுபடி கெளம்புச்சு, ஆனா வேற மாதிரி. கடைசில எங்கப்பா சைக்கிள் ஸ்டாண்ட தட்டி நிறுத்துறது எனக்கு கேட்டுச்சு. என் கொரல் தெரிஞ்சிடுச்சு. தென்னமரம் வேஷம் கலைஞ்சிடுச்சு.

அந்த நேரம் பாத்து, நடு வயல்ல ஒக்காந்திருந்த மஞ்சக் கல்லு எந்திரிச்சுச்சு. அட்டப் பெட்டிக்கு கீழ ரெண்டு குட்டிக் கால். "அக்கா, ஒண்ணுக்கு வருது"ன்னு சொல்லிட்டு ஸ்டேஜ்லேர்ந்து எறங்கி நடந்து போயிடுச்சு.

கிரவுண்டே அதிர்ந்துச்சு. விசில் பறக்குது. பின்னாடி ஒரு பெருசு, "பாத்துக்க மிராசு, கல்லே எந்திரிச்சு வழி விட்டுருச்சு. நீங்க ரெண்டு பேரும் எப்பய்யா எந்திரிக்கப் போறீங்க?"ன்னாரு. சிரிப்பு ஒரு செகண்டுல அடங்கிப் போச்சு. எல்லாரும் மிராசையும் பாக்குறாங்க, திரும்பி எங்கப்பாவயும் பாக்குறாங்க.

பொக்லைன் அண்ணனுங்க சைக்கிள போட்டுட்டு வந்து பின்னங்கால திரும்ப குனிய வெச்சு, என் பின்னாடி சேத்து, பிஞ்ச எடத்த கையாலயே புடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஹெச்.எம். மைக்க புடிச்சு, நாக்கு கொழற, "இப்போது தலைவர் அவர்கள் மாட்டுக்கு மாலை..."ன்னு ஆரம்பிச்சு முடிக்காம விட்டுட்டாரு.

மிராசு வந்தாரு. எனக்கு ஓட்டை வழியா வேட்டிக் கரையும், கைல நெட்டி மாலையும் தான் தெரிஞ்சுது. பச்சை, செவப்பு, மஞ்ச நெட்டி. என் இடுப்புல பின்னங்கால் புடிச்ச புடி எறும்பு கடிச்ச மாதிரி வலிக்குது. அவரு பாளைக் கொம்புல மாலைய மாட்டிட்டு, போகாம நின்னாரு. பிஞ்ச எடத்தத் தொட்டுப் பாத்தாரு. அப்பறம் மாட்டு நெத்திய தடவிக்கிட்டே, யாரையும் பாக்காம, "மாடே, கதிர் முத்திடுச்சா?"ன்னு கேட்டாரு.

கேள்வி எனக்கு இல்லன்னு புரிஞ்சுது.

கடைசிலேர்ந்து எங்கப்பா கொரல் வந்துச்சு. அவரும் மிராச பாக்கல, மாட்டப் பாத்துத் தான் சொன்னாராம். "மாடே, அடி கதிர் இன்னும் பச்சயா இருக்குன்னு சொல்லு. ஒரு வாரம் பத்து நாள் போவணும்."

மிராசு தலைய ஆட்டுனாரு. "மாடே, அறுத்துட்டு தான் வயல்ல மெஷின் எறங்கும்னு சொல்லு. நான் பேசிக்கிறேன்."

அவ்ளோதான். அவரு எறங்கிப் போயிட்டாரு. யாரோ சத்துணவு தட்டுல டங்குன்னு அடிச்சு பொங்கலோ பொங்கல்னு ஆரம்பிக்க, எல்லா வாண்டும் தட்ட எடுத்துடுச்சு. அந்த சத்தத்துல மாட்டுக்குள்ள என் முதுகு நனஞ்சுது. வேர்வையா அழுகையான்னு நான் இன்னி வரைக்கும் அவகிட்ட கேக்கல.

சினிமா மாதிரி எல்லாம் சரியா போச்சுன்னு சொன்னா அது பீலா. அறுப்பு முடிஞ்சுது, அதுக்கப்பறம் மெஷின் எறங்குச்சு, குழாய் போச்சு. மஞ்சக் கல்லு இன்னும் அங்க தான் நிக்குது, ஒண்ணுக்கு போக எந்திரிக்கவே இல்ல. அப்பாவும் மிராசும் இன்னி வரைக்கும் நேருக்கு நேரா பேசுனதில்ல. ஆனா அந்த வருஷம் மாட்டுப் பொங்கல் காலைல மிராசு வீட்டு ஆள் நெட்டி மாலையும் கயிறும் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டு போனாரு. எங்க மாடு ரெண்டு மாலையோட சீன் போட்டுக்கிட்டு சுத்துச்சு.

நாடக அக்கா அந்த வருஷத்தோட வரல. இப்போ பட்டுக்கோட்ட பக்கம் ஸ்கூல் பசங்களோட இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். பின்னங்கால் கோயம்புத்தூர்ல படிக்கிறா, நான் தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல கெடக்குறேன். எங்களுக்குள்ள இப்பவும் அடிக்கடி முட்டிக்கும். மாசக் கணக்குல பேச மாட்டோம். அப்பறம் திடீர்னு ஒரு நாள் வாட்சப்ல "மாடே"ன்னு மட்டும் ஒரு மெசேஜ் வரும். நான் என்ன காண்டுல இருந்தாலும் சிரிச்சிடுவேன்.

எத்தனையோ பேரு எனக்கு பேச்சுப் போட்டிக்கு ட்ரெய்னிங் குடுத்திருக்காங்க, கப்பெல்லாம் வாங்கியிருக்கேன். ஆனா மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்ல முடியாத நேரத்துல, வாய் தானா அந்த உரச் சாக்கு மாட்ட "மாடே"ன்னு கூப்புடுது பாருங்க, அது மட்டும் தான் எனக்கு நெசமா பேச வந்த பேச்சு.